அளவும் பதமும்

'உரிய', 'தக்க', 'போதிய', 'தேவையான' என்னும் நான்கு சொற்கள் இல்லையேல், அரசாங்க அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர் எவரும் ஒரு நாட்பொழுதைக் கழிக்க இயலாது. 'உரிய நடவடிக்கை எடுக்கப்படும்' என்று எழுதுவோம். எது உரியது என்று மூலத்தை எழுதியவரும் சொல்வதில்லை; அதை மொழிபெயர்ப்பவரும் கேட்பதில்லை. இருபது ஆண்டுகளாக இச்சொற்களை எழுதிப் பழகிய நமக்கு, அவற்றின் வெறுமை அலுவலக மேசையில் விளங்கவில்லை, அடுப்பங்கரையில்தான் விளங்கிற்று. அந்த வரலாற்றையும், அதிலிருந்து நாம் கற்றுக்கொண்ட சிலவற்றையும் இன்று சொல்ல விரும்புகிறோம்.

நம் வீடு சித்தூரில் இருக்கிறது. இல்லத்தரசியார் திருப்பதியில் ஆசிரியப் பணிபுரிகிறார்; வார இறுதியில்தான் வீடு திரும்புவார். ஆகவே சமையற் பொறுப்பு முழுவதும் 74 வயதான நம் அன்னையாரிடமே இருந்து வந்தது. அது முறைதானா என்று நாம் ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஓர் ஆடி மாதத்து விடியற்காலையில் அவர் பின்கட்டில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பினார். ஆயினும் சில மாதங்கள் அடுப்பின்முன் நிற்கலாகாது என்றாயிற்று. மருத்துவர் இரண்டு செய்திகளை வற்புறுத்திச் சொன்னார். உணவில் சுண்ணாம்புச் சத்து மிகுந்திருத்தல் வேண்டும். இரத்த அழுத்தம் இருப்பதால் உப்புக் குறைந்திருத்தல் வேண்டும்.

அன்று மாலை அடுப்பங்கரையில் நாம் தனித்து நின்றோம். கலைப் பட்டம் பெற்றிருக்கிறோம். மூன்று மொழிகளைப் பிழையின்றி எழுதுவோம். ஒரு வேளைச் சோறு ஆக்கத் தெரியாது. அன்னையார் கூடத்துக் கட்டிலில் இருந்தபடியே சொல்வது, நாம் அதன்படி செய்வது என்று முடிவாயிற்று. சித்தூர் வட்டாரத்தில் அன்றாட உணவாகிய கேழ்வரகுக் களி, அதாவது தெலுங்கில் 'சங்கட்டி' என்பார்களே, அதையே முதலிற் செய்யத் துணிந்தோம்.

"தண்ணீர் எவ்வளவு வைக்க வேண்டும், அம்மா?"

"அரிசி குழைய வேகிற அளவுக்கு வைப்பா."

"மாவு எவ்வளவு?"

"தண்ணீருக்குத் தக்கபடி போடு."

"எத்தனை நேரம் வேக வேண்டும்?"

"வெந்ததும் இறக்கிவிடு."

தக்கபடி! நாம் ஊரார்க்கெல்லாம் எழுதி அனுப்பிய சொல் நம்மிடமே திரும்பி வந்துவிட்டது. அன்று உருவான களி மேலே இறுகியும் உள்ளே பச்சை மாவுக் கட்டிகளோடும் இருந்தது. அன்னையார் அதை ஒன்றும் சொல்லாமல் உண்டார். அவர் கடிந்து ஒரு சொல் சொல்லியிருந்தால் நமக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அவர் எதையும் மறைத்தாரல்லர். ஐம்பது ஆண்டுக் காலம் அவருடைய கையும் கண்ணும் மூக்கும் கற்றவற்றை நாவினாற் சொல்ல வேண்டிய தேவை அவருக்கு ஒருபோதும் நேரவில்லை, அவ்வளவே. கற்பிக்கும் தாயும் கற்கும் மகளும் நாள்தோறும் ஒரே அடுப்பின்முன் நின்றவரையில் அந்தக் குறை வெளிப்படவும் இல்லை. ஒருவர் கட்டிலிலும் மற்றவர் அடுப்பங்கரையிலும் இருக்கும்போதுதான் சொல் தேவைப்படுகிறது.

சொல் பிழைபட்டால் என்னவாகும் என்பதை மறுநாள் அறிந்தோம். களிக்குத் தொட்டுக்கொள்ளும் வேர்க்கடலைத் துவையலின் செய்முறையை அண்டைவீட்டு அம்மையார் தெலுங்கில் ஒரு சீட்டில் எழுதித் தந்தார். கடலையை 'வேயிஞ்சு' என்றிருந்தது. நாம் எண்ணெயைக் காயவைத்து அதிற் கடலையைப் பொரித்தெடுத்தோம். துவையல் எண்ணெயில் மிதந்தது. எண்ணெயிற் பொரிப்பதற்கும் வெறுஞ் சட்டியில் வறுப்பதற்கும் அந்த ஒரு சொல்லே தெலுங்கில் வழங்குகிறது. அவர் கருதியது வெறுஞ் சட்டியில் வறுப்பதை. ஆங்கிலத்து 'ஃபிரை' என்னும் சொல்லும் இவ்வாறே பலவற்றைத் தன்னுள் அடக்கியது. தமிழில் நமக்கு இந்த இடர்ப்பாடு குறைவு. நீரும் எண்ணெயும் இன்றிச் சூட்டிற் புரட்டுவது வறுத்தல். சிறிது எண்ணெயில் நீர் சுண்டப் புரட்டுவது வதக்கல். எண்ணெயில் அமிழ்த்தி எடுப்பது பொரித்தல். அனலிற் காட்டி எடுப்பது வாட்டல். ஆவியில் வேகவைப்பது அவித்தல். கிளறுதல் வேறு, கிண்டுதல் வேறு. மசித்தல் வேறு, கடைதல் வேறு. இவ்வளவு நுட்பமான சொற்கள் கைவசம் இருந்தும் 'நன்றாக வேகவைக்கவும்' என்று எழுதிவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோமே, அது மொழியின் குறையன்று.

இவ்வாறு அளவையும் சொல்லையும் தேடிய நாட்களில் ஓர் உண்மை நினைவுக்கு வந்தது. 2022ஆம் ஆண்டில் திருப்பதி தனி மாவட்டமாகும்வரை சித்தூரும் திருப்பதியும் ஒரே மாவட்டம். அந்தத் திருப்பதிக்கு மேலே திருமலைக் கோயிற் சுவர்களில் உணவின் அளவுகள் கல்லிலேயே வெட்டப்பட்டிருக்கின்றன. திருமலை திருப்பதிக் கல்வெட்டுக்களிற் பெரும்பாலானவை தமிழில் உள்ளன. தேவஸ்தானத்தார் அவற்றை 1931 முதல் தொகுதிகளாக அச்சிட்டார்கள். கிருஷ்ணதேவராயர், அச்சுதராயர் காலத்து, அதாவது பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதிக் கல்வெட்டுக்களை எடுத்துப் பாருங்கள். அப்பப்படி, அதிரசப்படி, வடைப்படி, சுகியன்படி, தோசைப்படி, இட்டலிப்படி என்று படையல்கள் பெயர் பெயராக வருகின்றன. அமுதுபடி அரிசி இத்தனை மரக்கால், நெய் இத்தனை நாழி, பயறு இவ்வளவு, மிளகு இவ்வளவு, உப்பு இவ்வளவு, தயிர் இவ்வளவு என்று ஆழாக்கு, உழக்குவரை கணக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. கொடுத்தவர்க்குப் பிரசாதத்தில் நாலில் ஒரு பங்கு உரியது. அதற்கு 'விட்டவன் விழுக்காடு' என்று பெயர்.

அவற்றில் நம்மைப் பெரிதும் கவர்ந்தது வேறொன்று. இத்தனை மரக்கால் என்று சொல்வதோடு அவை நிற்கவில்லை. எந்த மரக்காலால் அளப்பது என்றும் சொல்கின்றன. 'மலைகுனிய நின்றான் கால்', 'சாளுக்கிய நாராயணன் கால்' என்று அளவைப் பாத்திரத்துக்கே பெயர் உண்டு. ஊருக்கு ஊர் படி வேறுபட்ட நாட்டில், அளவையின் பெயரைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொன்னால் பயனில்லை என்பதை அக்காலத்தார் அறிந்திருந்தனர். நம் காலத்துச் சமையற் குறிப்புக்களோ 'ஒரு கப்' என்கின்றன. எந்தக் கப்?

இம்மரபு அங்கே அறுந்துவிடவுமில்லை. திருப்பதி லட்டுவுக்கு இத்தனைக்குக் கடலைமாவு இவ்வளவு, நெய் இவ்வளவு, சர்க்கரை இவ்வளவு என்று வகுத்திருக்கும் பட்டியலைத் 'திட்டம்' என்கிறார்கள். தேவை பெருகப் பெருகத் திட்டம் பலமுறை மாற்றியமைக்கப்பட்டது. 2009இல் அந்த லட்டுவுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஆயின் கல்வெட்டிலும் ஒரு குறை உண்டு. அது பொருளையும் அளவையும் சொல்லும். எவ்வாறு சமைப்பது என்று சொல்வதில்லை. மடைப்பள்ளியார் அறிவர் என்று விட்டுவிட்டது. நம் அன்னையாரோ பக்குவத்தை அறிவார். அளவைச் சொல்ல அறியார். ஒன்றில் அளவு உண்டு, பதம் இல்லை. மற்றொன்றில் பதம் உண்டு, அளவு இல்லை. இரண்டும் கூடினாலன்றோ புதியவர் ஒருவர் துணிந்து அடுப்பு மூட்ட முடியும்?

அவ்விரண்டையும் கூட்டி வைத்த அம்மையார் ஒருவரைத் தமிழுலகம் நன்கறியும். சிறு வயதிலேயே கணவரை இழந்தவர் எஸ். மீனாட்சி அம்மாள். உறவினர்கள் தங்களுக்குச் செய்முறை எழுதித் தரும்படி அவரை ஓயாது கேட்டு வந்தனர். அவற்றை நூலாகவே எழுதிவிடலாமே என்று அவருடைய மாமா கே. வி. கிருஷ்ணசாமி ஐயர் ஊக்கினார். அவ்வாறு 1951இல் வெளிவந்ததே 'சமைத்துப் பார்' என்னும் நூல். பிறகு மேலும் பாகங்கள் வந்தன, ஆங்கிலத்திலும் வந்தது. மணப்பெண்ணுக்குச் சீரோடு சீராக அந்நூலை வைத்து அனுப்பிய குடும்பங்கள் பல. தாயைப் பிரிந்து வடநாட்டுக்கும் கடல் கடந்தும் சென்ற பெண்களுக்கு அது தாயின் குரலாக இருந்தது. 'சமைத்துப் பார்' என்னும் தலைப்பிலேயே ஓர் ஊக்கம் இருப்பதைக் காணலாம். படித்துப் பார் என்று அவர் சொல்லவில்லை.

சமையலுக்கு நூல் வேண்டும் என்னும் எண்ணம் நமக்குப் புதிதன்று. பீமசேனனுடைய மடைநூல் நெறி தவறாமற் சமைத்த உணவைப் பத்துப்பாட்டில் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படையே குறிப்பிடுகிறது. மேனாட்டில் இங்கிலாந்தின் எலைசா ஆக்டன் என்னும் அம்மையார் 1845இல் வெளியிட்ட நூலில் பொருள்களின் அளவையும் வேகும் நேரத்தையும் தனியே தொகுத்துக் கொடுத்தார். அமெரிக்காவில் ஃபேனி ஃபார்மர் 1896இல் வெளியிட்ட நூல், கரண்டியைத் தலைதட்டி அளக்க வேண்டும் என்பதை நிலைநாட்டியது. இவர்கள் எல்லாரும் முன்பின் அறியாத ஒருவரை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதியவர்கள்.

நாமும் ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு கட்டிலருகே அமர்ந்தோம். அன்னையாரைத் துவரம்பருப்பு ஒரு பிடி எடுக்கச் சொன்னோம். அதைத் தராசில் நிறுத்தோம். 39 கிராம். மறுபடி எடுக்கச் சொன்னோம், 40 கிராம். மூன்றாம் முறையும் 39. நாம் வியந்து போனோம். 'குத்துமதிப்பு' என்று நாம் எண்ணியிருந்தது குத்துமதிப்பே அன்று; அவருடைய கையும் ஒரு மரக்கால்தான், பெயர் மட்டும் இடப்படவில்லை. நம் கையால் ஒரு பிடி எடுத்து நிறுத்தோம், 61 கிராம். அவர் 'ஒரு பிடி' என்று சொன்னதை நம் பிடியால் அளந்ததுதான் நம் குழம்புகள் எல்லாம் கெட்டியானதற்குக் காரணம். புளியிலும் இதே கதை. 'நெல்லிக்காயளவு' என்றால் அவருக்கு அரைநெல்லி, நமக்குப் பெருநெல்லி.

இனி, அந்தக் குறிப்பேட்டிலிருந்து ஒரு செய்முறையைச் சொல்கிறோம். நால்வருக்குக் களி. இங்கே டம்ளர் என்பது 200 மில்லிலிட்டர் கொள்ளும் டம்ளர். தேக்கரண்டி என்பது 5 மில்லிலிட்டர் கொள்வது. இரண்டையும் தலைதட்டி அளக்க வேண்டும்.

பச்சரிசி அரை டம்ளர், கேழ்வரகு மாவு ஒரு டம்ளர், தண்ணீர் மூன்றரை டம்ளர், தூள் உப்பு அரைத் தேக்கரண்டி. அரிசியைக் களைந்து அரை மணி நேரம் ஊறவையுங்கள். அடிகனத்த பாத்திரத்தில் மூன்றரை டம்ளர் தண்ணீரையும் கொதிக்கவைத்து, அரிசியையும் உப்பையும் அதில் இடுங்கள். அரிசி குழைய வேக வேண்டும். ஒரு பருக்கையை இரு விரலுக்கிடையில் வைத்து நசுக்கினால் நடுவில் வெள்ளைப் புள்ளி இல்லாமல் மசிய வேண்டும். அப்போதும் சோற்றுக்கு மேல் ஒரு விரற்கடை நீர் நிற்க வேண்டும். அந்த நீரில் கால் டம்ளரை எடுத்துத் தனியே வையுங்கள். இதை மறவாதீர்கள், காரணம் பின்னர் விளங்கும்.

இப்போது அடுப்பைத் தணித்து, மாவு முழுவதையும் நடுவிற் குவியலாகக் கொட்டுங்கள். கிளறாதீர்கள். துடுப்பின் காம்பால் குவியலின் நடுவில் ஒரு துளை மட்டும் இட்டு மூடிவிடுங்கள். துளை வழியே ஆவி ஏறி மாவை வேகவைக்கும். நம் முதல் நாட் பிழை இங்கேதான். மாவு வேகுமுன் கிளறினோம், கட்டி தட்டிற்று. பத்து நிமிடம் கழித்து மூடியைத் திறந்தால் மாவின் வெளிறிய நிறம் மாறிக் கருத்திருக்கும். பாத்திரத்தை இறக்கி, துணியால் இறுகப் பற்றிக்கொண்டு, துடுப்பால் ஒரே பக்கமாகக் கிண்டுங்கள். தென்படும் கட்டிகளைப் பாத்திரத்தின் ஓரத்தில் வைத்து அழுத்தி நசுக்குங்கள். பிறகு மீண்டும் சிறு தீயில் மூன்று நிமிடம் மூடி வையுங்கள்.

பதம் அறிவது எவ்வாறு? கையை நீரில் நனைத்துக் களியைத் தொடுங்கள். கையில் ஒட்டாமல் பளபளப்பாக இருந்தால் வெந்துவிட்டது; ஒட்டினால் வேகவில்லை. களி இறுகிவிட்டதா? எடுத்து வைத்த கால் டம்ளர் நீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கிண்டுங்கள். இளகிவிட்டதா? மூடாமல் சிறு தீயில் வைத்து இன்னும் ஐந்து நிமிடம் கிண்டுங்கள். நனைத்த கையால் உருண்டைகளாக உருட்டினால் உணவு ஆயிற்று. 100 கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து 300 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. அரிசியில் ஏறக்குறைய 10 மில்லிகிராமே. முறிந்த எலும்புக்கு இவ்வட்டாரத்துக் குடியானவர் உணவைப் போல் உதவுவது அரிது.

துவையலுக்கு வேர்க்கடலை 100 கிராம், காய்ந்த மிளகாய் நான்கு, புளி 10 கிராம், பூண்டு நான்கு பல், தூள் உப்பு அரைத் தேக்கரண்டி. கடலையை வெறுஞ் சட்டியில், சிறு தீயில் வறுங்கள். தோல் வெடித்து, ஒன்றை எடுத்துத் தேய்த்தால் தோல் தானே கழன்று, உள்ளே இளம்பொன் நிறம் தெரிவது பதம். கருஞ்சிவப்பாகிவிட்டால் கசக்கும், அதற்கு மாற்றில்லை. ஆகையால் பதம் வருவதற்குச் சற்று முன்னரே இறக்குங்கள். சட்டியின் சூடே எஞ்சியதை வறுத்துவிடும். மிளகாயையும் அந்தச் சூட்டிலேயே புரட்டி எடுத்து, எல்லாவற்றையும் சேர்த்துச் சிறிது நீர் தெளித்துக் கொரகொரப்பாக அரைத்துக்கொள்ளுங்கள்.

உப்பைப் பற்றி ஒரு சொல். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. தலைதட்டிய ஒரு தேக்கரண்டித் தூள் உப்பே அந்த அளவுக்கு வந்துவிடும். கல்லுப்பாயின், இடையிடையே வெற்றிடம் இருப்பதால், அதே கரண்டி குறைந்த எடையே கொள்ளும். எனவே 'உப்புத் தேவையான அளவு' என்று எழுதுவது நோயாளி இருக்கும் வீட்டில் பொறுப்பற்ற செயல். அன்னையாரின் சாப்பாட்டு உப்பைத் தினமும் ஒரு சிறு கிண்ணத்தில் அளந்து வைத்து, அதற்குள்ளேயே சமையலை முடித்தோம். நாவு அதற்குப் பழகச் சில வாரங்கள் பிடித்தன, பழகிவிட்டது.

நேயர்களே, நல்ல செய்முறைக்கு வேண்டியவை நான்கு என்பது நம் துணிபு. எவ்வளவு என்பது ஒன்று; எந்த அளவையால் என்பது ஒன்று; எது பதம் என்பதற்குக் கண்ணோ கையோ மூக்கோ அறியும் அடையாளம் ஒன்று; தவறினால் என்ன செய்வது என்னும் மாற்று ஒன்று. நான்காவதைத்தான் பலரும் எழுத மறக்கிறார்கள். புதியவரின் அச்சமோ அங்கேதான் இருக்கிறது. தவறவே மாட்டோம் என்னும் உறுதி எவருக்கும் வாய்ப்பதில்லை. தவறினாலும் திருத்திக்கொள்ளலாம் என்று தெரிந்திருப்பதே அடுப்பின்முன் தைரியம். தமிழில் 'பதம்' என்றால் சொல் என்றும் பொருள், பக்குவம் என்றும் பொருள். இரண்டையும் ஒரே பெயரால் அழைத்த முன்னோர் பொருளறிந்தே அழைத்தனர் போலும்.

எழுதி வைத்துவிட்டால் கைப்பக்குவம் போய்விடும் என்று அஞ்சுவோர் உண்டு. நம் அனுபவம் வேறு. முதல் மாதம் குறிப்பேட்டைத் திறந்து வைத்தே சமைத்தோம். இரண்டாம் மாதம் ஐயம் வந்தபோது மட்டும் திறந்தோம். மூன்றாம் மாதம் அது அலமாரியிலேயே இருந்தது. நீந்தக் கற்பவனுக்குச் சுரைக்குடுக்கை எவ்வளவு நாள் வேண்டுமோ அவ்வளவு நாள் எழுத்தும் வேண்டும்.

இப்போது அன்னையார் ஊன்றுகோலுடன் நடக்கிறார். அடுப்பங்கரையில் அவருக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கிறோம். ஒரு மாலை அந்தக் குறிப்பேட்டைப் படித்துக் காட்டச் சொன்னார். தம் கை செய்தவற்றைத் தாமே சொல்லாகக் கேட்டுக்கொண்டிருந்தவர், இடையில் ஒன்று சொன்னார். "என் அம்மா மாங்கொட்டைப் பருப்பில் ஒரு குழம்பு வைப்பாள்ப்பா. ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. எப்படி வைத்தாள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை." மாமரங்கள் நிறைந்த இந்த மாவட்டத்தில் மாங்கொட்டைக்குப் பஞ்சமில்லை. நாங்கள் இருவரும் இரண்டு முறை முயன்று பார்த்தோம். அதுவன்று என்று அவர் தலையசைத்துவிட்டார்.

உங்கள் வீட்டிலும் அளவு சொல்லத் தெரியாத ஒரு கை இருக்கும். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு குறிப்பேடும் ஒரு தராசும் எடுத்துக்கொண்டு அவர் அருகே சற்று நேரம் அமருங்கள். அவர் பிடிக்கும் ஒரு பிடியை நிறுத்துப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.